பத்தரை மணிக்கு மாற்றாள்

தொலைபேசி அடித்தால் அவள் எழுந்து நின்றுவிடுவாள். பதினோரு வருடமாக ஒரே வீட்டில் கூட இருந்து பார்த்துவரும் நாத்தனாருக்கு இது நன்றாகத் தெரியும். தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாலும் சரி, பஸ்ஸில் முண்டியடித்துப் பிடித்த ஜன்னல் சீட்டானாலும் சரி, மணி அடித்ததும் எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அப்புறம்தான் காதில் வைப்பாள். எதிர்ப்பக்கத்துக்காரர் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் மூன்று "சரிங்க" சொல்லிவிடுவாள். வேலை செய்த இடத்தில் அவளுக்குச் சரியக்கா என்று பேர் விழுந்தது அதனால்தான்.

அந்த இடம் ஒரு மருந்துக் கம்பெனியின் பொட்டலம் கட்டும் பிரிவு. ஓடுகிற பெல்ட்டின் இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். மாத்திரை அட்டைகள் வரும். பத்துப் பத்தாக எண்ணி, மடித்த காகிதம் ஒன்றை மேலே வைத்து, அட்டைப்பெட்டியில் போட்டு மூட வேண்டும். ஒருத்தி எழுந்து போனால் அவள் இடத்தில் அட்டைகள் குவிந்து அடுத்தவள் மடியில் விழும். ஆகவே அங்கே ஒரே ஒரு சட்டம். எழுந்து போக வேண்டுமென்றால் உன் நாற்காலியில் ஓர் ஆளை உட்காரவைத்துவிட்டுப் போ. பாத்ரூமுக்கும் அதுதான், ஒரு வார லீவுக்கும் அதுதான். மேற்பார்வையாளரிடம் காரணம் சொல்லத் தேவையே இல்லை. அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஆள் இருக்கா?"

எதிர் நாற்காலிக்காரி நெட்டை தன் கல்யாணத்துக்கு லீவு கேட்கப் போனபோதும் அவர் தலையைத் தூக்காமல் அதையேதான் கேட்டார்.

"எதுக்கு சார் ஆள்? பெல்ட்டுக்கா, மணமேடைக்கா?" என்று நெட்டை திருப்பிக் கேட்டதை அந்தப் பிரிவே ஒரு வருடம் சொல்லிச் சிரித்தது.

சரியக்கா அங்கே பதினாறு வருடம் இருந்தாள். பிறகு கம்பெனி இயந்திரங்களைக் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோனது. பெண்களைக் கொண்டுபோகவில்லை.

அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் நாலு நாள் வெளியூர். நாத்தனார் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பில் இருக்கிறாள். ராத்திரி எட்டுக்குத்தான் வீடு வருவாள். பத்து வயது மகள் நாலு மணிக்குப் பள்ளியிலிருந்து வந்துவிடுவாள். கம்பெனியில் காலை ஷிஃப்ட் என்பதால் இத்தனை நாள் சிக்கல் இல்லை. இனிமேல்?

"ராத்திரி வேலை, தூரத்து வேலைன்னு கெடைச்சா புள்ளைய எங்க அண்ணன் வீட்டுல விட்டுடலாம். அங்கேயே ஸ்கூல் இருக்கு" என்றார் புருஷன். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த வழி அது. மாத முடிவுக்குள் பக்கத்தில் பகல் வேலை கிடைக்காவிட்டால் அப்படியே செய்வது என்று முடிவாயிற்று. சரியக்கா வழக்கம்போல் சரி என்றாள். மகள் தன் புத்தகங்களைப் பெரிய பைக்குள் அடுக்கிப் பார்த்து, இடம் போதவில்லை என்று மறுபடி வெளியே எடுத்து வைத்தாள். அந்தப் பை அலமாரி மேலிருந்து எப்போது கீழே இறங்கியது என்று சரியக்காவுக்குத் தெரியவில்லை.

நாத்தனார்தான் தன் ஃபோனில் ஒன்பது இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினாள். ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நம் ஆள் எழுந்து நின்று எல்லாருக்கும் சரிங்க சொன்னாள். ஒரு துணிக்கடை ஒன்பது மணிக்கு வரச் சொன்னது, சரி. அதே நாள் ஒன்பதரைக்கு ஊரின் அந்தக் கோடியில் ஓர் அச்சகம் வரச் சொன்னது, அதுவும் சரி. துணிக்கடையில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, ஆள் எடுத்தாயிற்று என்றார்கள். அச்சகத்துக்கு ஓடிப்போனபோது சாப்பாட்டு நேரம், கதவு சாத்தியிருந்தது.

"அண்ணி, உங்களுக்கு வேலை தேடுறது நானு. அதைத் தொலைக்கிறது நீங்க. நல்லா பங்கு போட்டிருக்கோம்" என்றாள் நாத்தனார்.

"அவங்க கேக்கும்போது வேற நேரம் இருக்கான்னு எப்படிம்மா கேக்கிறது? வேலை கேட்டு வர்றவளுக்கு இவ்வளவு ராங்கியான்னு நெனைக்க மாட்டாங்களா?"

"தெனமும் இருபது பேருக்கு நான் நேரம் மாத்திக் குடுக்கிறேன். ஒருத்தரைப் பத்தியும் ஒண்ணும் நெனைச்சதில்ல. அடுத்த ஃபோன் அடிச்சிடும், நெனைக்க எங்க நேரம்?"

"அது பல்லு. இது வேலை."

அந்த வாரம் திங்கட்கிழமை ஒரு குளிர்பதனக் கிடங்கிலிருந்து கூப்பிட்டார்கள். வியாழன் காலை பத்து மணி. கிடங்கு ஊருக்கு வெளியே, பஸ்ஸில் ஒரு மணி நேரம். பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். ஆனால் ஆள் பற்றாக்குறை, போனால் கட்டாயம் எடுத்துக்கொள்வார்கள் என்று பேச்சு. சரிங்க என்றாள். செவ்வாய்க்கிழமை பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, எண்ணி, துணியில் சுற்றிக் கட்டும் அறையில் இரண்டு இடம் காலி. காலை ஏழு முதல் மூன்று வரை வேலை. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். இப்படி ஒரு வேலை இந்த ஊரில் இருக்கிறதே என்று அவள் மலைத்து நின்றபோது, "வியாழன் பத்தரைக்கு வர முடியுமா?" என்று கேட்டார்கள்.

"சரிங்க" என்றாள்.

வைத்த பிறகுதான் உறைத்தது. கிடங்கும் அதே வியாழன், பத்து மணி.

ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகலாம் என்றால் அது கிடைக்காமல் போனால் கையில் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லாவிட்டால் மாத முடிவில் மகளின் பை நிரம்பிவிடும். கிடங்குக்கு முதலில் வாக்குக் கொடுத்திருக்கிறாள். கம்பெனி வழக்கப்படி முதலில் சொன்ன இடம்தான் முதல். மறுபடி கூப்பிட்டு நேரம் கேளுங்கள் என்று நாத்தனார் சொன்னதை அவள் காதில் வாங்கவே இல்லை. அதற்குக் காரணம் இருந்தது. நெட்டையும் அதே ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பித்திருந்தாள். அவளுக்கு வியாழன் மூன்று மணி.

புதன்கிழமை நெட்டை வீட்டு வாசலில் நின்று சரியக்கா விஷயத்தைச் சொன்னாள். நெட்டை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"இதுக்கு ஏன்க்கா மூஞ்சி தொங்குது? பத்தரைக்கு உங்க எடத்துல நான் போய் உக்காந்துக்கிறேன். மூணு மணிக்கு என் எடத்துல நீங்க வாங்க. ரெண்டு நாற்காலியும் காலி இல்ல. யாரு என்ன சொல்லுவா?"

பதினாறு வருடம் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. இருவருக்கும் மனசு நிம்மதியாயிற்று. ஆஸ்பத்திரிக்கு இதை ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ஆள் இருக்கிறதே, அப்புறம் என்ன?

வியாழன் ஒன்பதே முக்காலுக்கே கிடங்கு வாசலில் இருந்தாள். காவலாளி ஒரு பெஞ்சைக் காட்டினார். பக்கத்தில் ஒரு பெரிய கதவு. அது திறக்கும்போதெல்லாம் உள்ளிருந்து ஐஸ் காற்று வந்து காலைக் கவ்வியது. தடித்த சட்டையும் குல்லாவும் போட்ட ஆட்கள் கை தேய்த்தபடி வெளியே வந்து வெயிலில் நின்றார்கள்.

"மேனேஜர் இப்ப வந்திடுவாரு" என்றார் காவலாளி. பத்தரைக்கு அதையே சொன்னார். பத்தே முக்காலுக்கும் சொன்னார். பதினொன்றுக்கு அவரே அலுத்துப்போய், "டீ குடிக்கிறீங்களாம்மா?" என்றார்.

பதினொன்றே காலுக்கு ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்து, "சார் இன்னிக்கு வரலையாம். சனிக்கிழமை பத்துக்கு வந்திடுங்க" என்றாள்.

"சரிங்க."

அந்தப் பெண் திரும்பிப் போய்விட்டாள். மன்னிப்புக் கேட்கவில்லை, காரணம் சொல்லவில்லை. சரியக்கா பெஞ்சிலேயே இருந்தாள். ஒரு விஷயம் அவளை உறுத்தியது. மேனேஜர் வரவில்லை. நேரத்தை மாற்றிவிட்டார். ஆனால் தன் இடத்தில் ஓர் ஆளை அனுப்பவில்லை. வானம் இடிந்து விழவுமில்லை. காவலாளி தன் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது நெட்டை கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"அக்கா, தப்பாயிடுச்சுக்கா. உங்க பேரைக் கூப்பிட்டாங்க, நான் எழுந்தேன். கண்ணாடியைக் கயித்துல கட்டித் தொங்கவிட்டிருக்கிற ஒரு பெரியவரு, அவருதான் கிளார்க்கு. 'அவங்க மூணு மணிக்கு வருவாங்க சார், அவங்க எடத்துல நான் வந்திருக்கேன்'னேன். 'எடத்துலன்னா?'ங்கிறாரு. 'மாத்தாள் சார்'னேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு என்னை மேலயும் கீழயும் பாக்குறாரு. 'இன்டர்வியூவுக்கு மாத்தாளா? வேலை கெடைச்சா யாருக்கும்மா ஆர்டர் எழுதுறது?'ன்னாரு. 'அவங்களுக்குத்தான் சார்'னேன். 'அப்ப உனக்கு?'ன்னாரு. 'எனக்கும் ஒண்ணு'ன்னு சொல்லிட்டேன்க்கா. பெஞ்சுல இருந்தவங்க எல்லாம் சிரிக்கிறாங்க."

"அப்புறம்?"

"உங்க பேரு மேல கோடு போட்டுட்டாரு. 'வரவில்லை'ன்னு பக்கத்துல எழுதினாரு. நீ வந்தது வந்துட்டே, உன்னோடதை இப்பவே முடிச்சிக்கன்னு என்னை உள்ள அனுப்பிட்டாரு. நான் உங்க எடத்தைக் காக்கப் போனேன்க்கா. புடுங்கிக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு."

சரியக்காவுக்கு ஒரு நொடி மனசு கசந்தது. இவள் வேண்டுமென்றே செய்திருப்பாளோ? நெட்டை கல்யாண லீவில் போனபோது அந்த ஒரு வாரமும் அவள் நாற்காலியைத் தானே பார்த்துக்கொண்டது ஞாபகம் வந்தது. தனக்குக் காய்ச்சல் கண்ட அன்று நெட்டை ஒருத்தியே இரண்டு நாற்காலியையும் பார்த்து, கை வீங்கி வீட்டுக்குப் போனதும் ஞாபகம் வந்தது. நினைத்ததற்கு வெட்கப்பட்டாள்.

"அழாத. உன் மேல தப்பில்ல. மூணு மணிக்கு உன் எடம் இப்ப காலிதானே?"

"காலிதான். ஆனா உங்க பேரைத்தான் அடிச்சிட்டாரே."

செவ்வாயன்று அழைப்பு வந்த எண் ஃபோனில் இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இதுவரை மற்றவர்கள் அவளைக் கூப்பிட்டுத்தான் பழக்கம். தானாக ஓர் ஆபீசைக் கூப்பிட்டதே கிடையாது. நாத்தனாரிடம் சொல்லிக் கூப்பிடச் சொல்லலாமா என்று தோன்றியது. அதுவும் ஒரு மாற்றாள்தான் என்று உடனே தோன்றியது. அழுத்தினாள்.

"வணக்கங்க. இன்னிக்குப் பத்தரைக்கு எனக்கு நேரம் குடுத்திருந்தீங்க."

கிளார்க்தான் எடுத்தார். பேர் கேட்டார். காகிதம் புரளும் சத்தம். "நீங்க வரலையே. கோடு போட்டாச்சு."

சரிங்க என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைச் சொன்னால் இங்கேயே முடிந்தது. வாயை இறுக மூடிக்கொண்டாள். அந்தப் பக்கம் "ஹலோ?" என்றார் கிளார்க்.

"இருக்கேன் சார். கோடு போட்டது தெரியும். மூணு மணிக்கு ஒரு எடம் காலி இருக்கு. அதுல என்னைப் போட முடியுமா?"

"அந்த மாத்தாள் அனுப்பின அம்மா நீங்கதானா?"

"ஆமாங்க."

அவர் சிரித்தார். ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு யாரிடமோ ஏதோ சொன்னார். பிறகு ஒரு பெண் குரல் வந்தது. கருவி கட்டும் அறைக்குப் பொறுப்பான நர்ஸ்.

"ஏம்மா, வர முடியலைன்னா ஒரு ஃபோன் பண்ணி வேற நேரம் கேட்டிருக்கலாமே?"

"அப்படிக் கேக்கலாம்னு தெரியாதுங்க சிஸ்டர். எங்க வேலையில ஆள் வைக்காம எடத்தை விட்டா அசிங்கம். அதனாலதான் அவளை அனுப்பினேன். அவ மேல தப்பில்லைங்க."

"எத்தனை வருஷம் அந்த வேலை?"

"பதினாறு."

"அதுல எத்தனை நாள் எடத்தைக் காலியா விட்டிருப்பீங்க?"

சரியக்கா நிஜமாகவே யோசித்தாள். "காலியா விட்டதில்லைங்க."

"மூணு மணிக்கு வாங்க" என்றார் நர்ஸ். பிறகு சேர்த்துக்கொண்டார்: "நீங்களே வாங்க."

வயிற்றில் பாலை வார்த்தது போல் இருந்தது. காவலாளி நீட்டிய டீ ஆறிப்போயிருந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு பஸ்ஸைப் பிடித்தாள்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், நீண்ட நடைபாதை முடிவில் அந்த அறை. ஒரு பக்கம் பாத்திரம் தேய்க்கும் இடம்போல் ஆழமான தொட்டிகள், மறுபக்கம் ஆவி விடும் இரும்புப் பெட்டிகள், நடுவில் வெள்ளை மேசைகள். நர்ஸ் ஐம்பது வயதுக்காரர், குட்டையானவர், பேசும்போதே கை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. படிப்பு என்ன என்று கேட்டார். எட்டாவதோடு நின்றதைச் சரியக்கா சொன்னாள். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு தட்டையும் ஒரு பட்டியலையும் முன்னால் வைத்தார்.

"இதுல இருக்கிறது சரியா இருக்கான்னு பாருங்க. அவசரம் வேணாம்."

கருவிகளின் பேர் அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் படம் இருந்தது, பக்கத்தில் எண் இருந்தது. எண்ணுவதற்கு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண் ஓடியது.

"வளைஞ்ச மூக்கு உள்ளது ஆறு போட்டிருக்கு, அஞ்சுதான் இருக்கு சிஸ்டர். நேரா இருக்கிறது ஒண்ணு கூட இருக்கு. யாரோ மாத்தி வெச்சிருக்காங்க. அப்புறம்..."

"அப்புறம்?"

"தட்டுல ஒட்டியிருக்கிற இந்தச் சீட்டுல தேதி நேத்தோடது. இன்னிக்கு இல்ல."

நர்ஸ் சீட்டை எடுத்துப் பார்த்தார். உள்பக்கம் திரும்பி, "இந்தத் தேதியை யாரு ஒட்டினது?" என்று குரல் கொடுத்தார். அது பரீட்சைக்காக வைத்த தப்பு இல்லை போலிருக்கிறது.

"நீங்க எதாவது கேக்கணுமா?" என்றார் அவளிடம்.

சாதாரணமாக ஒன்றுமில்லைங்க என்பாள். "காலை ஷிஃப்ட் மட்டுந்தானே சிஸ்டர்? மகள் நாலு மணிக்கு வந்திடுவா. அதனாலதான் கேக்கிறேன்."

"காலை மட்டுந்தான். திங்கக்கிழமை சொல்றோம்."

திங்கட்கிழமை. ஆனால் சனிக்கிழமை கிடங்கில் பத்து மணி. அங்கே போனால் எடுத்துக்கொள்வார்கள், உடனே சேரச் சொல்வார்கள், அவள் சரி என்றுவிடுவாள். தன்னைப் பற்றி அவளுக்கு அவ்வளவு தெரியும். வெள்ளிக்கிழமை காலை நாத்தனார் தலை வாரிக்கொண்டிருந்தபோது, அவள் பக்கத்தில் நின்று கிடங்குக்கு ஃபோன் போட்டாள்.

"சனிக்கிழமை எனக்கு வர முடியாதுங்க. செவ்வாய்க்கிழமை வரலாமா?"

"செவ்வாயா? வாங்க" என்றது அந்தப் பெண்ணின் குரல். வைத்துவிட்டாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

சரியக்கா ஃபோனையே பார்த்தாள். "ஏன்னுகூடக் கேக்கலையே."

"யாருக்கு அண்ணி வேணும் உங்க ஏன்? நான் வேணா கேக்கட்டுமா?" என்று நாத்தனார் சீப்பை வாயில் கவ்விக்கொண்டு சிரித்தாள். சரியக்காவுக்கும் சிரிப்பு வந்தது. ஒன்பது இடத்திலும் இப்படிக் கேட்டிருக்கலாம் என்று நினைத்தபோது கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கிளார்க் கூப்பிட்டார். எடுத்திருக்கிறார்கள். ஒன்றாம் தேதி சேர வேண்டும். "ஆர்டர் உங்க பேருக்குத்தான் எழுதியிருக்கேன்மா, வேற யாரும் வாங்க வர மாட்டாங்களே?" என்றார். நெட்டையை எடுக்கவில்லை. இன்னோர் இடத்துக்கு, முன்பே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒருத்தியை எடுத்திருந்தார்கள்.

அதை நெட்டையிடம் சொல்லப் போவதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. நெட்டைக்கு முன்பே தெரிந்திருந்தது. "விடுங்கக்கா, அந்தப் பெரியவரு கண்ணாடிக்குள்ள இருந்து என்னைப் பாத்த பார்வையிலேயே எனக்குத் தெரியும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கிடங்குல பகல்ல கணக்கெடுக்கிற வேலை எதுவும் இல்லையா?" என்று கேட்டாள். இருக்கிறதா என்று சரியக்காவுக்குத் தெரியவில்லை. எண்ணைக் கொடுத்து, "என் பேரைச் சொல்லாத. நீயே கேளு. என்னைக்கு உனக்கு வசதியோ அந்த நாளைக் கேளு" என்றாள். பிறகு தானும் கிடங்கைக் கூப்பிட்டு, செவ்வாய் வரவில்லை, வேறு வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னாள். நல்லதுங்க என்றார்கள்.

அன்றிரவு புருஷன் வழியில் எங்கோ நின்று பேசினார். விஷயம் கேட்டதும் பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. "புள்ளைய அனுப்ப எனக்கும் மனசில்ல. நீ ஒத்துக்கிட்டியேன்னுதான் பேசாம இருந்தேன்" என்றார். இரண்டு பேரும் இன்னொருவருக்காகச் சரி சொல்லியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. சரியக்கா, சாப்பிட்டீங்களா என்று கேட்டாள்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. சரியக்கா கருவி கட்டும் அறையில் இரண்டாவது மேசையில் இருக்கிறாள். போன மாதம் வேலை நிரந்தரமானது. நெட்டை கிடங்கில் பகல் நேரத்தில் சரக்குக் கணக்கு எடுக்கிறாள். குளிருக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் போடுகிறாள். மகள் அதே பள்ளியில் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். நாலு மணிக்கு அவள் வரும்போது அம்மா வீட்டில் இருக்கிறாள்.